இடம் மாறிய கட்டுகள்

கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருவதில் அக்கா பழம் தின்று கொட்டை போட்டவர். அவரால் வேலைக்குப் போனவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். தேர்வானவர்களின் விண்ணப்பங்களை வலப்பக்கமும் தேறாதவற்றை இடப்பக்கமும் அடுக்குவது அவர் வழக்கம். அன்று அடுக்கி முடித்த பிறகு, வெயில் கண்ணில் அடிக்கிறதென்று நாற்காலியை மேசைக்கு எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டார். இப்போது வலக்கைப் பக்கம் வந்துவிட்ட கட்டை எடுத்து, அதிலிருந்த தேறாத ஸ்டோர்கீப்பருக்குப் போன் போட்டு, "வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லியும்விட்டார்.

மறுநாள்தான் தப்பு தெரிந்தது. அந்த மனிதர் இருக்கிற வேலையை விட்டிருந்தால்? போனில் சொல்ல மனம் வராமல், அவர் வேலை பார்க்கும் கிடங்குக்கே ஓடினார். நல்லவேளை, ஆள் அங்கேதான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுங்க. உங்கள எடுக்கல."

"இன்டர்வியூல நான் உளறினது எனக்குத் தெரியாதா மேடம்? லெட்டர் கைக்கு வரட்டும்னு இங்க வாயே திறக்கல."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்து சேராத சரக்கை வந்ததாக எழுதாத இவரைவிட நல்ல ஸ்டோர்கீப்பர் எங்கே கிடைப்பார்?

அடுத்த மாதமே வேறொரு கம்பெனியில் அவருக்கு வேலை அமைந்தது. அக்கா போன் போடவில்லை. லெட்டரையே கொண்டுபோய்க் கொடுத்தார். அவரோ தன் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.