ஊற்றுத் தண்ணீர் சுமந்த மருந்து கேன்

எங்கள் ஊர் கொல்லிமலை வளப்பூர் நாடு. சேலத்தில் இருக்கும் என் நாத்தனார், “குழாய்த் தண்ணியில ஏதோ கெமிக்கல் இருக்குதாம் அண்ணி. கொதிக்க வெச்சாலும் போகாதாம்” என்று போனில் புலம்பினாள். எனக்கோ மலைத் தண்ணீர் என்றால் பெருமை. பஸ்ஸில் இரண்டு கேன் ஊற்றுத் தண்ணீர் கொண்டுபோய், டவுன் தண்ணீரைக் கேலி பேசிக்கொண்டே இறக்கினேன்.

தன் மகளுக்கு டம்ளரில் ஊற்றப்போன நாத்தனார் அப்படியே நின்றாள். கேனில் பாதி கிழிந்த லேபிள். அதில் மண்டையோட்டுப் படம். எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு அடித்த களைக்கொல்லி வந்த கேன் அது.

“மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனதுதான் கண்ணு” என்றேன்.

“ஊட்டுலயும் இதுலதான் குடிக்கறீங்களா அண்ணி?”

ஆமாம். என் பிள்ளைகளும்தான், வருஷக்கணக்காக. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும், அக்கம்பக்கத்தாருக்கு நான் தாராளமாகக் கொடுத்திருந்த காலி மருந்து கேன்களைத் திரும்பக் கேட்டு வாசல் வாசலாகக் கூனிக்குறுகி நின்றேன்.

இப்போதெல்லாம் மருந்து காலியான அன்றே கேனை அரிவாளால் குத்திவிடுகிறேன். “நல்ல கேனுங்களே, எனக்குக் குடுத்தா ஆகாதுங்களா?” என்று யாராவது கேட்டால், இன்னும் இரண்டு குத்து குத்துகிறேன்.