மாசம் சொல்லும் கண்

ஒரு பெண் நடந்து போவதைப் பார்த்தே எத்தனை மாசம் என்று கிருஷ்ணம்மா சொல்லிவிடுவாள். வயிற்றைத் தொட வேண்டியதில்லை. ரப்பர் பால்வாளியை எந்தக் கைக்கு மாற்றுகிறாள், கால் எப்படி அகலுகிறது, கழுத்துக் குழி எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். தப்பியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரட்டைப் பிள்ளையை ஒருமுறை ஒற்றை என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் மாசம் தப்பியதில்லை. அந்தக் கண்தான் அவளைக் கெடுத்தது.

மலாயாவில், கோத்தா திங்கிப் பாதையிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு மரம் சீவ வந்தவள் அவள். கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒருத்திக்கு வலி கண்டபோது கூட யாரும் இல்லை; பக்கத்து அறையிலிருந்த இவள் கைகொடுத்தாள். பிள்ளை நல்லபடியாக வந்தது. அதன்பிறகு எல்லோரும் அவளையே கூப்பிட்டார்கள். பத்து வருஷத்தில் அந்த லயங்களில் ஓடித் திரிந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவைதான். அவளுக்கு மட்டும் ஒன்றும் உண்டாகவில்லை. "ஊர்ப் பிள்ளைய எல்லாம் வாங்குன கை, தனக்குன்னா நீள மாட்டேங்குது" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொள்வாள்.

அவளுடைய முறை எளிமையானது. உத்திரத்தில் ஒரு கயிறு கட்டி, வலி கண்டவளை அதைப் பிடித்துக்கொண்டு குந்தவைப்பாள். பின்னால் உட்கார்ந்து இடுப்பைத் தாங்குவாள். ஆண்பிள்ளை யாரும் வாசற்படி தாண்ட முடியாது. பிள்ளை வந்ததும் மரம் சீவுகிற கத்தியால் கொடியை அறுப்பாள். அதைவிடக் கூரான பொருள் லயத்தில் கிடையாது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் எடுப்பாள்.

1929 மழைக்காலத்தில் நாலு பிள்ளைகள் பிறந்த எட்டாம் நாளுக்குள் தாடை இறுகிச் செத்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் சபாபதி, ஜொகூர் பாருவில் படித்துவிட்டு வந்தவர், லயத்துக்கே வந்து அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதாலதான் அறுத்தியா, கிருஷ்ணம்மா?"

"ஆமாங்கய்யா."

"இதுல ஒட்டியிருக்கிற மண்ணுதான் கொன்னுருக்கு."

அவள் கத்தியைத் திருப்பி வாங்கி அதன் விளிம்பைப் பார்த்தாள். பிறகு, "நாலுமா?" என்று கேட்டாள்.

"நாலும்."

அன்றோடு அவளுக்கு எதிர்த்துப் பேசுகிற வாய் போய்விட்டது. இனி எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் என்று துரை உத்தரவு போட்டார். பெண்கள் போகவில்லை. அதற்குத் துரை ஒரு வழி கண்டுபிடித்தார்: கிருஷ்ணம்மாவையே ஆஸ்பத்திரி ஆயாவாக்கினார். காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்கு ஆட்கள் வரிசை நிற்கும்போது எவளுக்கு எட்டாம் மாசம் என்று அவள் காட்ட வேண்டும். அவர்களை ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்துவிடுவார்கள். பிரசவத்தின்போது டிரசருக்குக் கூடமாட நிற்க வேண்டும்.

"லயத்துல இனி ஒரு பிள்ள பொறந்தாலும் ஒனக்கும் ஒம் புருசனுக்கும் கப்பல்தான்" என்றார் பெரிய கங்காணி மணியம். வெறும் மிரட்டல் இல்லை. ரப்பர் விலை விழுந்து, நாகப்பட்டினம் கப்பல்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. அவள் புருஷன் காளியப்பனுக்கு மலேரியாவில் மண்ணீரல் வீங்கி, குனிந்து புல் வெட்டவே மூச்சு வாங்கும். அவர்களுக்கு ஊரில் கால் வைக்க ஒரு சாண் இடமில்லை. அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

தனலெட்சுமி தன் முதல் இரண்டு பிள்ளைகளையும் கிருஷ்ணம்மாவின் கயிற்றைப் பிடித்துப் பெற்றவள். மூன்றாவதற்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். கால்மாட்டில் டிரசர். ஒரு பக்கம் ஆஸ்பத்திரித் தோட்டிச்சி, மறுபக்கம் கிருஷ்ணம்மா, ஆளுக்கொரு முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"அக்கா, கால விடுங்க. நான் குந்திக்கிறேன்."

"கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்க."

"ஒரு ஆம்பள முன்னால இப்படிக் கெடக்க முடியலக்கா. விடுங்க."

"விட்டா என்னையக் கப்பல்ல ஏத்திருவாங்க, தனம்."

பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரிக்கு மாறியபிறகு ஒரு பிள்ளைகூடத் தாடை இறுகிச் சாகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது கொதிக்கவைத்த கத்தரிக்கோலால் வந்த நன்மை, முழங்காலை அமுக்கியதால் வந்ததில்லை. கிருஷ்ணம்மாவுக்கு இது புரிந்தது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டிரசரிடம் கேட்டாள்.

"கத்திரி சரிதாங்கய்யா. அவுங்கள குந்தவெச்சே அதால அறுக்கலாமில்ல?"

"அப்ப நான் எங்க குந்துறது, தரையிலயா?" என்று டிரசர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு முதுகு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக எத்தனை பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.

தனலெட்சுமி அதன்பிறகு கிருஷ்ணம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் பெரட்டில் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

1931இல், முப்பத்தேழு வயதில், கிருஷ்ணம்மாவுக்குத் தீட்டு நின்றது. வயசாகிவிட்டது என்று இரண்டு மாசம் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாசம் புரிந்தது. குழாயடியில் உட்கார்ந்து அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். அடுத்த நிமிஷமே பயம் வந்தது. அந்தக் கட்டில் இனி அவளுக்கும்தான்.

அவள் மறைத்தாள். தோட்டத்தில் வயிறு பார்க்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் வயிற்றை யார் பார்ப்பார்கள்? சேலையை உயர்த்திக் கட்டினாள், வாளியை முன்னால் பிடித்து நடந்தாள். ஆஸ்பத்திரியில் பழசாகித் தள்ளிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து சாணை பிடித்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். தன் அறை உத்திரத்தில் கயிறும் கட்டினாள். கொடியை எங்கே கட்டுவது, எங்கே அறுப்பது என்று காளியப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "எனக்குத் தெரியாதுடி, பயமா இருக்கு" என்றான். "பயந்தாலும் அறுங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்: தன் அறை, தன் கயிறு, சுத்தமான கத்தரி, அந்நிய ஆம்பளை இல்லாத வாசல்.

அவள் கணக்கிட்ட நாளுக்கு மூன்று வாரம் முந்தியே, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. லயம் அரை மைல் தூரம். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நடந்தாள். வேலியைத் தாண்டுவதற்குள் டிரசர் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி, ஊரு மாசமெல்லாம் சொன்னே. ஏறிப் படு."

தோட்டிச்சி அன்று வரவில்லை. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்க வந்து நின்ற தனலெட்சுமியை டிரசர் உள்ளே கூப்பிட்டார். "கால அமுக்கிப் புடி. விட்டுடாத."

தனலெட்சுமி பிடித்தாள். வலியில் கிருஷ்ணம்மாவின் கண்ணுக்கு நேரே அவள் கழுத்து தெரிந்தது. கழுத்துக் குழி தெரிந்தது. மூணு மாசம். அந்த நேரத்திலும் அந்தப் பாழாய்ப்போன கண் அதைப் பார்த்துவிட்டது.

"தனம், கால விடு. நான் குந்திக்கிறேன்."

"கொஞ்ச நேரந்தாங்க்கா. பொறுத்துக்குங்க."

"விடு, தனம்."

"விட்டா என்னையக் கப்பல்ல ஏத்திருவாங்கக்கா."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் கிருஷ்ணம்மாவின் முழங்காலில் விழுந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

பெண் குழந்தை. பிழைத்தது.

ஐந்து மாசம் கழித்து, பெரட்டுக் களத்தில், கிருஷ்ணம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றாள். வரிசையில் தனலெட்சுமி வாளியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாள். முந்தானையை இழுத்து மூடவில்லை. நேராகக் கிருஷ்ணம்மாவையே பார்த்தாள்.

டிரசர் கேட்டார்: "தனலெட்சுமிக்கு எத்தன மாசம்?"

"அஞ்சுங்கய்யா."

"போன மாசமும் அஞ்சுன்னுதானே சொன்னே?"

கங்காணி மணியம் திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா. இன்னும் அஞ்சுதான்."