ஒச்சப்பன் மறுத்த மருந்து

பேய்க்கு இருட்டு வேண்டும் என்பவர்கள் இதை நம்ப வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. 2007 ஆடி மாதம், சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், என் கண் முன்னால்.

ஆபீஸில் விண்டோஸ் கணினி, லேபிள் வரையும் அறையில் மேக், ஸ்டோரில் லினக்ஸ். ஒவ்வொன்றிலும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். கணினி வேலைக்கு வந்த நான் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் சேர்த்தேன். விஷயம் எளிது. எந்தக் கணினியில் யார் பெயர் கொடுத்தாலும் அது சர்வரிடம் கேட்கும்: இவரை விடலாமா? என்னென்ன செய்ய விடலாம்? எல்லா வாசலுக்கும் ஒரே காவல்காரன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தினமும் மதியம் 12.10க்கு ஸ்டோர் கணினியில் 'ஒச்சப்பன்' என்ற பெயர் உள்ளே வரும். பிற்பகலுக்கு வெடிமருந்து எடுக்கும் சீட்டு ரத்தாகும்.

ஒச்சப்பன் பழைய ஃபோர்மேன். கலவை அறைத் தீயில் இறந்து எட்டு மாதம். பழைய பெயர்களை மொத்தமாக ஏற்றியபோது அவர் பெயரும் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பாஸ்வேர்ட் வைக்கவில்லை. பாஸ்வேர்ட் இல்லாத பெயரைச் சர்வர் விடாது. விட முடியாது...

மருந்து கலக்கும் ஊர்க்காவலன் சிரித்தார். "என்ன தம்பி, செத்தவருக்கும் வேலை போட்டுக் குடுத்திருக்கீகளா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. "சீசன் நேரம். நாளைக்கு லோடு போயாகணும்."

மறுநாள் மதியம். ஸ்டோர் கிளார்க் பாண்டிமீனா சாப்பிடப் போயிருந்தாள். கணினி முன் நான் மட்டும்.

12.10.

டக்.

டக்... டக்...

விசைகள் தாமாக அமுங்கின. கந்தக நெடி.

சீட்டு ரத்து.

சர்வர் அறைக்கு ஓடினேன். அந்தப் பெயரை அழித்தேன்.

இப்போது மேனேஜர் போட்ட புதுச் சீட்டு ரத்தாகாமல் வந்தது. ஊர்க்காவலன் வாங்கிப் போனார்.

12.40.

கலவை அறைப் பக்கம் வெடிச் சத்தம்...

ஊர்க்காவலன் திரும்பவில்லை.

பாண்டிமீனா ஒச்சப்பனின் மகள். அவள்தான் பிறகு சொன்னாள். "வெயில் ஏறுனா மருந்து பத்திக்கும்னு அப்பா குடுக்க மாட்டாக. மேனேஜர் நெருக்குனாருன்னு ஒரே ஒரு நாள் குடுத்தாக. அன்னைக்குத்தான் போய்ச் சேந்தாக."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே..."

"அந்தப் பேர எப்படி நிறுத்தன்னுதான கேட்டீக? ஏன் ரத்தாகுதுன்னு கேக்கலயே."

சர்வரைத் திறந்தேன். நான் அழித்த பெயர் மீண்டும் அங்கே இருந்தது.

இம்முறை அழிக்கவில்லை. ஒரு விதி எழுதினேன்: பகல் பன்னிரண்டிலிருந்து மறுநாள் காலை வரை, மேனேஜர் உட்பட, யார் பெயரிலும் மருந்துச் சீட்டு கிடையாது.

அதன்பின் 12.10க்கு யாரும் வரவில்லை.