ஜெனிற்றாவின் கொப்பியை எரித்தவள்

என் மகள் ஜெனிற்றாவின் ஆராய்ச்சிக் கொப்பியை எரித்தது நான்தான். வேறு யாருமல்ல... நான்!

பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. குருவானவரின் முன் முழந்தாளிட்டு, கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பிவிடுவேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது.

போர்க்காலம் அது. கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், மாடி வீட்டில் இருந்தோம். ஜெனிற்றா பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வன்னியின் கிளிநொச்சியிலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருந்த யோகா என்ற பிள்ளையும் எங்களோடு தங்கியிருந்தாள்.

அந்த நாட்களில் யாரைத்தான் நம்பினோம்? கீழ்வீட்டுக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்... கதவைத் தட்டினால் யார் தட்டுவது... சந்தேகம் வீட்டுக்கு வெளியே நின்றவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அது என் மகள்மீதே விழுந்தது.

அவளுடைய கொப்பி முழுக்க அறுகோணங்கள். ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. ஒவ்வொன்றிலும் கந்தகம் கொண்ட ஒரு சல்பேற்று தொங்கியது.

"என்ன பிள்ளை இது?"

"சீனிச் சங்கிலியம்மா. சாப்பிடுற பழுப்புக் கடற்பாசி இருக்கெல்லே, அதுக்குள்ள இருக்கிறது. சல்பேற்று எந்தக் காபனில தொங்குது எண்டு தேடுறன். ரெண்டாவதிலயோ, நாலாவதிலயோ..."

"சீனிக்கு ஏன் கந்தகம்?"

"அதைக் கடலிட்டப் போய்க் கேளுங்கோ!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உயர்தரம் வரை இரசாயனம் படித்தவள் நான்; அரைகுறை அறிவு. கந்தகம் என்றதும் வெடிமருந்துதான் ஞாபகம் வந்தது. பகிடி விட்டு எதையோ மூடுகிறாளோ?

வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகம் மூடியபோது ஒரு கண்ணாடிப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உள்ளே வெளிர்பழுப்புத் தூள். "ஈரம் படக்கூடாதம்மா, தொடாதேங்கோ" என்று அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு நடுவில் வைத்தாள். ஏன் உடுப்புகளுக்கு நடுவில்?

ஒரு நாள் காலை பக்கத்து ஒழுங்கையில் இராணுவச் சுற்றிவளைப்பு. ஜெனிற்றா தன் பேராசிரியரைப் பார்க்கப் போயிருந்தாள், யோகா தூதரகத்தில். வீட்டில் நான் தனியே. அலுமாரியைத் திறந்தேன். கொப்பியைப் புரட்டினேன். பேரியம் குளோரைட்டு, அமிலம், கொதிக்கவைத்த நேரங்கள்... போத்தலைக் குளியலறைத் தண்ணீர் வாளிக்குள் கவிழ்த்தேன்.

தூள் வெடிக்கவில்லை. புகையவுமில்லை. தண்ணீர் மெல்ல வழுவழுத்துக் கடல் மணத்தது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை!

இதுவரை செய்தது பயத்தால். இதற்குப் பிறகு செய்ததைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

கொப்பி பத்திரமாகத்தான் இருந்தது. தூளை மீண்டும் பிரித்தெடுக்கலாம். அளந்து குறித்ததெல்லாம் அந்தக் கொப்பியில் மட்டுமே. கடைசிப் பக்கத்தில், சல்பேற்றைக் கழற்றிய சங்கிலியையும் கழற்றாத சங்கிலியையும் ஒப்பிட்டுவிட்டு, 'நாலாவது காபன்!' என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டிருந்தாள். இரண்டு வருட உழைப்புக்கு விடை.

கொப்பியைத் திரும்ப வைத்தால் தூள் எங்கே என்று கேட்பாள். 'நீ குண்டு செய்கிறாய் என்று நினைத்தேன்' என்று எந்தத் தாய் தன் பிள்ளையிடம் சொல்வாள்? இரண்டும் காணாமற்போனால் அது களவு...

ஒற்றை ஒற்றையாகக் கிழித்து அடுப்பில் எரித்தேன்.  

பின்னேரம், தூளையும் கொப்பியையும் காணேல்லை என்று ஜெனிற்றா அலுமாரியைக் குடைந்தபோது சொன்னேன்: "யோகா திறந்ததைக் கண்டனான்."

அப்போதுதான் உள்ளே வந்த யோகா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நானோ அன்ரி? எனக்கு அந்தத் தூளால என்ன பிரயோசனம்?"

"ஆருக்குக் குடுத்தனி?" ஜெனிற்றா கத்தினாள். "ஆமிக்கோ? இல்லாட்டி இயக்கத்துக்கோ?"

"அக்கா, அம்மான்ர முகத்தைப் பாத்துக் கேளுங்கோ."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை!

மறுநாள் யோகா பையோடு படியிறங்கினாள். தங்குவதற்கு அவள் எடுத்த பொலிஸ் பதிவு எங்கள் முகவரியில்தான் இருந்தது. அது இல்லாமல் ஒரு வன்னிப் பிள்ளை கொழும்பில் எங்கே போய்த் தங்குவாள்? தெரிந்துதான் போகவிட்டேன். என்ன ஆனாள்... இன்றுவரை நான் விசாரித்ததில்லை. விசாரிக்கப் பயம்.

"முதலில இருந்து தொடங்க என்னால ஏலாதம்மா" என்று ஜெனிற்றா ஆராய்ச்சியை விட்டாள். இப்போது நுகேகொடையில் ரியூசன் வகுப்பு எடுக்கிறாள். தன் மேசை லாச்சியைப் பூட்டாமல் வெளியே போவதில்லை. திறப்பை என்னிடம் மட்டும் தருகிறாள்.

போன ஞாயிறு, சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "நான் யோகாவை மன்னிச்சிட்டன் அம்மா. பாவம், அவளுக்கு என்ன நெருக்குவாரமோ..."

மீன்குழம்புக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நல்லது பிள்ளை" என்றேன்.