மூன்றாம் கிடங்கில் பூஜ்யம்

ஜெனிபருக்குச் சொந்த ஊர் தேர்வாய் கண்டிகை. அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அப்பா பிறகு தொழிற்பேட்டையில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைத்தார். பொன்னேரியில் பி.சி.ஏ. முடித்தவள், கும்மிடிப்பூண்டியில் பெயிண்டுக்கு வேண்டிய ரசாயனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சர்வர், பிரிண்டர், வாசலில் கார்டு காட்டும் கருவி என்று எல்லாவற்றுக்கும் அங்கே அவள் ஒருத்திதான்.

அந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு பகுதிக்குள் நுழையவும் வெளியேறவும் கார்டைக் காட்ட வேண்டும். ‘உள்ளே யார்’ என்று ஒரு இணையப் பக்கம் இருந்தது. பகுதியின் பெயரைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் அந்த நிமிடம் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் வரும். யாரோ எப்போதோ பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிவிட்டுப் போன நிரல் அது. அழுத்தும் ஒவ்வொரு முறையும் சர்வர் அதைப் புதிதாக எழுப்பி, ஓடவிட்டு, முடித்துவைக்கும். பட்டியல் வர எட்டு வினாடி, பத்து வினாடி ஆகும்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஜெனிபர் அந்த நிரலை சர்வருக்குள்ளேயே குடியேற்றினாள். அதன் பிறகு நிரல் முடிவதே இல்லை. நினைவகத்தில் விழித்தபடி இருந்து, கேட்டவுடன் பதில் சொன்னது. பாதுகாப்பு அதிகாரி வசந்தகுமார், “இன்னாம்மா இது, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுது!” என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்று அவள் வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனாள்.

பிப்ரவரியில் வாசல் காவலில் இருக்கும் ஈஸ்வரி வந்து ஒரு புகார் சொன்னாள்.

“மேடம், பாய்லருன்னு அமுக்குனா கேன்டீன்ல இருக்கறவங்க பேரு வருது. இன்னொரு தபா அமுக்குனா சரியாயிடுது.”

ஜெனிபர் தன் மேசையில் உட்கார்ந்து நிரலைத் தனியாக ஓடவிட்டுப் பார்த்தாள். முப்பது முறை ஓட்டினாள். முப்பது முறையும் சரியான பட்டியல்தான் வந்தது.

“நீங்க மாத்தி அமுக்கியிருப்பீங்கக்கா.”

“இருக்கும் மேடம்,” என்று ஈஸ்வரி போய்விட்டாள். புகார்ப் பதிவேட்டில் ஜெனிபர் ‘சோதித்தது, குறை இல்லை’ என்று எழுதினாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்குச் சங்கு ஊதியது. மூன்றாம் கிடங்கை ஒட்டிப் போகும் அமோனியாக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. எல்லாரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கார்டைக் காட்டி வெளியேறி, வாசலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். நூற்று நாற்பது பேர் இருக்கும். எல்லார் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

வசந்தகுமார் கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு பகுதியாக அழுத்திப் பார்த்தார். “பாய்லர் ஜீரோ. கேன்டீன் ஜீரோ. மூணாம் குடோன் ஜீரோ. எல்லாரும் வெளிய வந்தாச்சு. யாரும் உள்ள போவாதீங்க, தீயணைப்பு வண்டி வந்துக்கினு இருக்குது.”

ஜெனிபருக்குத் தன் வேலையைத் தானே பார்க்கும் ஆசை. கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்தாள். மூன்றாம் கிடங்கு, பூஜ்யம். திருப்தியாக இருந்தது. விரல் சும்மா இருக்காமல் இன்னொரு முறை அழுத்தியது. பூஜ்யம். மூன்றாம் முறை ஒரு பெயர் வந்தது.

தேசப்பன். ஒப்பந்தத் தொழிலாளி. நுழைந்த நேரம் 10.52.

மறுபடி அழுத்தினாள். பூஜ்யம். மறுபடி. பூஜ்யம். மறுபடி. தேசப்பன்.

“தேசப்பண்ணா! தேசப்பண்ணா இருக்கீங்களா?” தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

“சார், உள்ள ஒருத்தர் இருக்காரு!”

“பேஜார் பண்ணாதம்மா. இதோ பாரு, ஜீரோ.”

“அது பொய் சொல்லுது சார்!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஈஸ்வரி வந்தாள். “சார், தேசப்பன் சாக்கு எண்றதுக்குக் குடோனுக்குப் போச்சு. நான்தான் கதவு தொறந்து உட்டேன். திரும்பி வந்தத நான் பாக்கல.”

வசந்தகுமார் டேப்லெட்டைக் கீழே வைத்தார். காற்று சிலிண்டரும் முகமூடியும் மாட்டிய இரண்டு பேரை உள்ளே அனுப்பினார். பதினோரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினோரு நிமிடமும் ஜெனிபர் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். பூஜ்யம், பூஜ்யம், தேசப்பன், பூஜ்யம்.

மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால், சின்ன ஜன்னலின் கம்பியைப் பிடித்தபடி அவர் சரிந்து கிடந்தாராம். தூக்கிக்கொண்டு வந்தபோது கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. மூச்சு மட்டும் கிறீச் கிறீச்சென்று வந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் ஜெனிபர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள்தான் அவளுக்குக் காரணம் பிடிபட்டது. பலர் ஒரே நேரத்தில் கேட்டாலும் பதில் சொல்லவென்று சர்வருக்குள் அந்த ஒரே நிரலின் ஐந்து பிரதிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பிரதியும், தான் விழித்ததும் முதன்முதலில் கேட்கப்பட்ட பகுதியின் பெயரைப் பிடித்துக்கொண்டது. பிறகு யார் எதைக் கேட்டாலும் தலைப்பில் கேட்ட பகுதியைப் போட்டுவிட்டு, பிடித்துவைத்த பகுதியின் ஆட்களையே எண்ணியது. வசந்தகுமாரின் கேள்வி கேன்டீனைப் பிடித்திருந்த பிரதியிடம் போயிருக்கிறது. கேன்டீனில்தான் யாரும் இல்லையே. மூன்றாம் கிடங்கைப் பிடித்திருந்த பிரதியிடம் கேள்வி போனபோது மட்டும் தேசப்பனின் பெயர் வந்திருக்கிறது. மேசையில் தனியாக ஓட்டியபோது ஒவ்வொரு முறையும் நிரல் புதிதாகப் பிறந்ததால் குறை தெரியவில்லை.

சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தவளுக்கு அடுத்த அடி விழுந்தது. பகுதியின் பெயரை நிரல் வைத்திருக்கும் நினைவக இடம், முதலில் வந்த பெயரோடேயே நின்றுவிடும் என்று ஒற்றை வரி எச்சரிக்கை அங்கே இருந்தது. ஜனவரியிலிருந்து சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் அது பதிவாகியிருந்தது. அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று தாண்டிப் போயிருக்கிறாள்.

திருத்தம் நான்கு வரிதான். திருத்தி, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி மேலாளரிடம் கொடுத்தாள். ஈஸ்வரியின் புகாரைத் தான் தள்ளிவிட்டதையும் அதில் எழுதியிருந்தாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. அவள் கேட்டபடி, சங்கு ஊதினால் பெயர் கூப்பிட்டு வாயால் பதில் வாங்கும் வழக்கமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். தேசப்பன் ஆக்ஸிஜன் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கன்னியம்மா எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் கத்தி உள்ள ஆள அனுப்ப வெச்சியாமே. நல்லா இருப்பம்மா நீ.”

“அக்கா, அந்த மெஷின் தப்பு சொன்னதே என்னாலதான். ஈஸ்வரிக்கா முன்னாடியே சொன்னாங்க. நான் கேக்கல.”

கன்னியம்மாவின் பிடி தளர்ந்தது.

“இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றே?”

கன்னியம்மா திரும்பிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, புருஷனின் போர்வையை இழுத்துவிட்டாள். சற்று நேரம் கழித்து, திரும்பாமலே, “ஸ்டூல் இருக்குது பாரு, குந்து,” என்றாள்.

தேசப்பன் ஏழு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். கிடங்கு வேண்டாமென்று சொல்லித் தோட்ட வேலைக்கு மாறிக்கொண்டார். படியேறினால் இன்னமும் இரைக்கிறது. ஜெனிபர் இப்போது எந்த மாற்றம் செய்தாலும் நேராக சர்வருக்குள் ஓடவிட்டு, வேறு வேறு பகுதிகளைக் கேட்டு நூறு முறை அழுத்திப் பார்க்கிறாள். ஈஸ்வரியையும் பக்கத்தில் உட்காரவைத்து அழுத்தச் சொல்கிறாள்.

“போதும் மேடம், வெரலு வலிக்குது,” என்பாள் ஈஸ்வரி.

“இன்னும் பத்து தபாக்கா.”