இரண்டாவது தடவை கட்டிய பூ

எழுபதுகளில் பாலிகஞ்ச் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பந்துக்குக் காற்றடிப்பேன், அடிபட்ட காலுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போடுவேன். நான் எட்டாவதோடு நின்றவன். படிப்பு அடுத்த வீட்டுச் சமாச்சாரம் என்றே இருந்துவிட்டேன்.

எங்கள் கோல்கீப்பர் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு தமிழரின் மகன். பி.காம். கடைசி வருஷம். அந்த வருஷம் ஃபைனல் மேட்சும் அவனுடைய கடைசிப் பரீட்சையும் ஒரே நாள், ஒரே நேரம். மணி இரண்டு.

"பரீட்சை வருஷா வருஷம் வரும், கப் வருமா?" என்று கோச் சிரித்தார்.

ஃபைனலுக்கு முந்தின நாள் மாலையில் கட்டுப் போடும்போது அவன் கேட்டான்: "அண்ணா, இந்த முட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

என் கட்டைவிரலுக்கு அடியில் அது நறநறத்தது. மூன்று மாதமாகவே நறநறக்கிறது.

"ஒண்ணுமில்லப்பா."

"இது போச்சுன்னா எனக்கு டிகிரி மட்டும்தான். அப்பா ரிட்டயராகப் போறாரு."

"காளியம்மாவையே கேட்டுடலாம். பூக்கட்டிப் பாக்கறேன்."

மறுநாள் காலை காளிகாட் கோயிலுக்குப் போனேன். சிவப்பு வந்தால் ஆட்டம், வெள்ளை வந்தால் பரீட்சை. இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சந்நிதி முன்னால் வைத்து, முன்பின் தெரியாத ஒரு அம்மாளை ஒன்றை எடுக்கச் சொன்னேன்.

வெள்ளை.

பதினோரு வருஷமாக எங்கள் விளையாட்டு அறை அலமாரியில் ஒரு கப் இல்லை. கூட்டத்தில் இடிபட்டு இலை மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுபடியும் மடித்தேன். இந்தத் தடவை சிவப்பு. கும்பிடாமலே வெளியே வந்துவிட்டேன்.

"அம்மா ஆடச் சொல்லிட்டா" என்றேன்.

நான் கொடுத்த சிவப்புப் பூவை அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலுறைக்குள் செருகினான்.

"காளி மா இன்னிக்கு பெனால்டி பிடிப்பாளா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான்.

முதல் பாதியில் ஒரு பந்துக்கு எம்பிக் குதித்தான். கால் ஊன்றியபோது எழுந்த சத்தம் கோட்டோரம் நின்ற எனக்கே கேட்டது. ஓடினேன்.

"மணி என்ன அண்ணா?"

"ரெண்டே கால்."

"ரெண்டரை வரைக்கும் ஹாலுக்குள்ள விடுவாங்க."

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. நான் காலுறையை உருவினேன். பூ நசுங்கித் தோலோடு ஒட்டியிருந்தது. முதலில் வந்தது வெள்ளை என்பதை அப்போதும் அவனிடம் சொல்லவில்லை.