சாக்கு விரிக்காத நாள்

தேற்றாத்தீவு அழகரத்தினத்தை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அவருடைய வாசலில்தான் வந்து நிற்பார்கள். வாகனக் கடன் கொடுக்கும் லீசிங் கம்பனிகளும் விலை மதிக்க அவரைத்தான் கூப்பிடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு உரச் சாக்கு கட்டியிருக்கும். போன இடத்தில் அதை விரித்து, வாகனத்துக்குக் கீழே மல்லாந்து படுத்துவிடுவார். அடிச்சட்டத்து இரும்பில் குத்தியிருக்கும் இலக்கத்தின் மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். பிறகு எஞ்சினுக்குப் பக்கத்தில் கம்பனி அடித்த தகட்டோடு ஒத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார்.

அந்த மனிதர் ஒரேயொரு நாள் சாக்கை விரிக்கவில்லை. அந்த ஒரு நாள் ஒரு கைம்பெண்ணின் நெஞ்சை எப்படிக் கீறிவிட்டது என்பதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருடம். பாதைகள் திறந்ததும் பழைய கார்களைத் தேடிக் கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒருவர் காத்தான்குடியில் ஹவ்வா உம்மாவின் வீட்டு வளவுக்கு அழகரத்தினத்தை அழைத்துப் போனார். அங்கே நின்றது ஒரு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, கூரை இல்லை, இரண்டு பேர்தான் இருக்கலாம். ஹவ்வா உம்மாவின் கணவர், ஊரே அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்ட ஆதம்பாவா, ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குச் சாரதியாக இருந்தவர். நாட்டை விட்டுப் போகும்போது துரை அந்தக் காரை அவருக்கே எழுதிக் கொடுத்தார். "துரை குடுத்தாரோ, இவரு எடுத்தாரோ" என்று ஊர் அப்போதே பகிடி பண்ணியது. சுனாமி ஆதம்பாவாவைக் கொண்டு போனது. காரைச் சேற்றோடு மதிலில் சாத்திவிட்டுப் போனது.

"மிஸ்டர் ரத்தினம், உங்கட சொல்லுத்தான் கடைசி" என்றார் கொழும்புக்காரர். அழகரத்தினத்தின் தலை சற்று நிமிர்ந்தது. அன்றைக்கென்று புது வெள்ளைச் சட்டை வேறு. எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் இஷாமும் கடையில் குந்தியிருந்தவர்களும் மதிலோரம் கூடிவிட்டார்கள்.

அழகரத்தினம் குனிந்து தகட்டைப் பார்த்தார். எழுத்துக்கள் சரி. துரை எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரத்தில் இருந்த அதே இலக்கம். ஆனால் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் அலுமினியம். ஓட்டைச் சட்டிக்கு அடிக்கிற ஆணிகள்.

"இது கம்பனி அடிச்ச ஆணி இல்ல."

"ஓம் தம்பி," என்றார் ஹவ்வா உம்மா. "அது எங்கட ஆள் ஒருக்காக் கழட்டி... நம்பர் எனக்குப் பாடமும் இரிக்கி, கேளுங்க..."

"உம்மா, வாய்ப்பேச்சுக்கு இதுல இடமில்ல."

"கீழ, இரும்பில பார்ப்பமா?" என்று கேட்டார் கொழும்புக்காரர்.

காரின் அடியில் சுனாமிச் சேறு காய்ந்து கிடந்தது. அழகரத்தினம் சேற்றைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"கடல் தண்ணி நிண்ட இரும்பு, துரு திண்டிருக்கும். பாத்தும் பிரயோசனமில்ல. துரை எழுதிக்குடுத்த கார் வேற, இது வேற. அந்தத் தகட்டை இதுல கொண்டுவந்து அடிச்சிருக்காங்க."

மதிலோரத்தில் ஒரு குரல்: "அப்ப ஆதம்பாவா காக்கா எடுத்ததுதானா?"

சிரிப்பு எழுந்தது. ஹவ்வா உம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கொழும்புக்காரர் காரை வாங்காமலே திரும்பினார்.

மத்தியானம் சாப்பிட இருந்தபோது அழகரத்தினம் இதை மனைவி சீதேவியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சீதேவி அகப்பையோடு நின்றுவிட்டாள்.

"ஏன், நீங்களும் கழட்டினீங்கதானே?"

"என்னத்த?"

"உங்கட மோட்டச்சைக்கிள்ற தகட்டை. சண்டைப் பிரச்சினைக்குள்ள ஆர் பறிச்சிட்டுப் போனாலும் பிறகு எங்கடதெண்டு காட்ட வேணுமெண்டு அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தீங்களே. சமாதானம் வரக்குள்ள, சட்டி ஒட்ட வந்தவனைப் பிடிச்சுத் திரும்ப அடிச்சீங்க. என்ட சட்டி ஓட்டையாவே கிடந்திச்சு." அவள் சிரித்தாள். "அப்ப உங்கடதும் களவோ?"

வாகனம் மதிக்கக் கொழும்பில் பயிற்சி எடுத்தபோது கொடுத்த புத்தகத்தில் அரிசிப் பானைகள் இல்லைதான். ஆனால் அவர் வீட்டில் இருந்ததே! கொழும்புக்காரர் பக்கத்தில் நின்றதும் தன் சொந்த வீட்டையே மறந்துபோன மனிதனை என்னவென்று சொல்வது?

போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு நாளும் காத்தான்குடியைத் தாண்டிப் போனாரே தவிர, மோட்டார் சைக்கிள் ஹவ்வா உம்மாவின் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் திரும்பியது.

ஹவ்வா உம்மா வாசலை மறித்து நின்றார்.

"காருக்கு விலை சொல்ல வந்தீங்களா, மவுத்தான எங்கட அவருக்கு விலை சொல்ல வந்தீங்களா?"

"கீழ பாக்க வந்தன் உம்மா."

காரில் தகடு இருந்த இடத்தில் வெறும் துளைகள்.

"தகடெங்க?"

"பேத்து ஆத்துல போட்டுட்டன். களவுச் சாமான் எண்டா ஊட்டுல வெச்சிரிக்கிறது ஹறாம்தானே. நீங்க படிச்ச ஆள், நீங்க சொன்னா அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

அழகரத்தினம் திருப்புளியை மட்டும் எடுத்தார். சாக்கை அவிழ்க்கவும் தோன்றவில்லை. அப்படியே மண்ணில் படுத்துக் காருக்குக் கீழே ஊர்ந்தார். திருப்புளியால் சேற்றைக் குத்தினார். கட்டி கட்டியாக முகத்தில் விழுந்தது.

"உம்மா, நம்பர் பாடமெண்டு சொன்னீங்களே. சொல்லுங்க."

காருக்குப் பக்கத்தில் ஹவ்வா உம்மாவின் பாதங்கள் வந்து நின்றன.

"தகடு தொலைஞ்சாலும் ஒன்ட வாயில இரிக்கட்டும் எண்டு பாடமாக்கித் தந்தவரு," என்றார் ஹவ்வா உம்மா. "நாலு."

துருவுக்குள் விரல் ஒரு நாலைத் தடவிக் கண்டது.

"ஒம்பது."

இருந்தது.

"சைபர். ஏழு."

இருந்தன. கடைசி இலக்கத்தின் மேல் சேறு கல்லாகியிருந்தது. அவர் சுரண்டி முடிக்கும் முன்பே ஹவ்வா உம்மா சொன்னார்: "ரெண்டு."

சேறு பெயர்ந்தது. ரெண்டுதான். பத்து நிமிட வேலை. ஒரு சட்டைக்காக அவர் செய்யாமல் விட்ட வேலை.

"இரிக்கா தம்பி?"

"இருக்கு உம்மா."

வெளியே வர மனம் வரவில்லை. அந்தச் சேறு அப்படியே தன்னை மூடிவிட்டால் நல்லது என்றிருந்தது.

"எனக்கு முதலே தெரியும். எனக்குச் சொன்னா போதாது. அந்தா, இஷாம்ட கடையில இரிக்காங்க, அண்டைக்குச் சிரிச்ச ஆக்கள்."

அழகரத்தினம் வெளியே ஊர்ந்து வந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல் ஒழுங்கையைக் கடந்தார்.

"என்ன ரத்தினண்ணன், வயல் வக்கடைச் சேத்துக்குள்ள விழுந்திட்டீங்களா?" என்றார் இஷாம். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆதம்பாவா காக்காட கார் துரை எழுதிக்குடுத்த கார்தான்," என்றார் அழகரத்தினம். "தகடும் அதின்ட தகடுதான். நான் கீழ படுத்துப் பாக்காமச் சொல்லிப்போட்டன். சட்டை ஊத்தையாகுமெண்டு."

சிரிப்பு அடங்கியது.

"அப்ப தகட்டை வெச்சு நல்ல விலைக்கு விக்கலாமே?" என்றார் ஒருவர்.

"தகடு ஆத்துக்குள்ள. அது இல்லாட்டி அரைவாசியும் வராது. அதுவும் என்னாலதான்."

"இதச் சொல்ல இவ்வளவு நாளா?"

இஷாம் ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். அழகரத்தினம் உட்காரவில்லை, கோப்பையைத் தொடவும் இல்லை. எதிரே மதிலோரத்தில் ஹவ்வா உம்மா முகத்தை மூடாமல் நின்றிருந்தார். அந்தப் பக்கம் திரும்ப மட்டும் அழகரத்தினத்துக்குத் துணிவு வரவில்லை.